கிளித்தட்டுக் கோட்டில் வளரும் மூளை

பள்ளிக்கூட வளவின் மணலில் காலால் கோடு கிழித்தாகிவிட்டது. நடுவே நீளமாக ஒரு கோடு, அதை வெட்டிக்கொண்டு குறுக்குக் கோடுகள். குறுக்குக் கோடு ஒவ்வொன்றிலும் ஒருவர் மறித்து நிற்கிறார். நடுக்கோட்டில் ‘கிளி’ மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் தட்டுக்குள் நுழைந்துவிட்ட ஒன்பது வயதுச் சிறுமி அசையாமல் நிற்கிறாள். முன்னால் மறிப்பவன் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறான். மறுபக்கம் வெளி. பாய்ந்துவிடலாம். ஆனால் அந்தப் பக்கத்தில்தான் கிளி நெருங்கி வருகிறது. அவள் பொறுக்கிறாள். பாய்வதுபோல ஓர் அடி வைத்துக் காட்டுகிறாள். மறிப்பவன் அங்கே திரும்பிய கணத்தில் அவன் விட்ட இடைவெளியால் புகுந்து அடுத்த தட்டுக்குள் போய்விடுகிறாள்.

இவ்வளவும் இரண்டு மூன்று விநாடிகளில் முடிந்துவிடும். பார்ப்பவருக்கு அது வெறும் ஓட்டம். அந்தச் சிறுமியின் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிக்கு அது கடும் உழைப்பு. யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்திருக்க வேண்டும். உடனே பாயத் துடிக்கும் காலை அடக்க வேண்டும். நிலைமை மாறியதும் போட்ட திட்டத்தைக் கைவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டும். மனத்தில் வைத்திருத்தல், அடக்குதல், மாற்றிக்கொள்ளுதல் ஆகிய இந்த மூன்றையும் உளவியலாளர்கள் மூளையின் நிறைவேற்றுத் தொழிற்பாடுகள் என்கிறார்கள். பத்து வயதில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை மண்டபத்தில் ஒரு பிள்ளைக்கு வேண்டியவையும் இவைதான். கேள்வியை முழுதாக மனத்தில் ஏந்த வேண்டும். முதலில் தோன்றும் பிழையான விடையைத் தள்ளிவைக்க வேண்டும். ஒரு வழி சரிவராவிட்டால் வேறு வழிக்குப் போக வேண்டும்.

ஆனால் பரீட்சைக்காகப் பிள்ளையிடமிருந்து நாம் முதலில் பறிப்பது கிளித்தட்டைத்தான். வட இலங்கையின் வன்னியில் இது ஏன் நடக்கிறது, இதற்கு மூளை கொடுக்கும் விலை என்ன, அதைத் திருத்த என்ன செய்யலாம் என்பவற்றை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

விளையாட்டு மூளைக்குச் செய்யும் வேலை

கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ஜியோ பெலிஸ் பல்லாண்டுகளாக எலிக்குட்டிகளின் விளையாட்டை ஆராய்ந்தவர். எலிக்குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து புரண்டு பொய்ச்சண்டை பிடிக்கும். அவரும் அவருடைய சகாக்களும் சில குட்டிகளைச் சம வயதுக் குட்டிகளோடும், சிலவற்றை விளையாட வராத பெரிய எலியோடு மட்டும் வளர்த்தார்கள். வளர்ந்த பின் மூளையைப் பார்த்தபோது, சம வயதினரோடு விளையாடியவற்றின் முன்மூளைப் புறணியில் நரம்புக் கிளைகள் தேவையற்ற இடங்களில் குறைக்கப்பட்டுச் சீராகியிருந்தன. விளையாட்டில்லாமல் வளர்ந்தவற்றில் அந்தச் சீரமைப்பு நடக்கவில்லை. முருங்கையைக் காலத்தில் கொப்பு வெட்டிவிட்டால்தான் நன்றாகக் காய்க்கும் என்பது எங்கள் வளவுகளில் எல்லோருக்கும் தெரியும். வளரும் மூளைக்கும் அப்படியொரு கத்தரிப்புக் காலம் இருக்கிறது. அந்த வேலையின் ஒரு பகுதியை விளையாட்டு செய்கிறது.

எலி பிள்ளையாகிவிடாது. அதனால் பிள்ளைகளிடமே பார்த்த ஆய்வொன்றுக்கு வருவோம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் 70 பேர் நாளாந்தம் எப்படி நேரத்தைக் கழிக்கிறார்கள் என்று பெற்றோரிடம் கேட்டுப் பதிந்து, 2014 இல் முடிவை வெளியிட்டார்கள். பெரியவர் வகுத்த அட்டவணைக்கு வெளியே, தானாகத் தெரிவு செய்யும் நேரம் கூடுதலாகக் கிடைத்த பிள்ளைகள், யாரும் வழி சொல்லாமலே தமக்குத் தாமே இலக்கு வைத்து யோசிக்கும் சோதனைகளில் மேம்பட்டு நின்றார்கள். வகுப்பும் பயிற்சியும் கூடுதலாக இருந்தவர்கள் பின்தங்கினார்கள். ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று இந்த ஓர் ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அது காட்டும் திசை எலிக்குட்டி காட்டும் திசையோடு ஒத்துப்போகிறது. எப்போதும் இன்னொருவர் சொல்லச் செய்துகொண்டிருக்கும் மூளைக்குத் தானாக முடிவெடுக்கும் பயிற்சி கிடைப்பதில்லை.

கிளித்தட்டில் அந்தப் பயிற்சி கோடு கிழிக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. யார் எந்தப் பக்கம், கோட்டை மிதித்தால் என்ன தண்டனை, அடி பட்டதா படவில்லையா என்று சண்டை வரும். அந்தச் சண்டையைப் பெரியவர் வந்து தீர்த்துவைக்காவிட்டால் பிள்ளைகள் தாங்களே தீர்ப்பார்கள். ஏனென்றால் தீராவிட்டால் விளையாட்டு நின்றுவிடும். கொக்கான் வெட்டும்போதும், போளை அடிக்கும்போதும், கிட்டிப்புள் விளையாடும்போதும் நடப்பது இதுதான். விட்டுக்கொடுக்கவும், நியாயம் கேட்கவும், தோற்ற பிறகும் அடுத்த ஆட்டத்துக்கு வரவும் பிள்ளை பழகுவது அங்கேதான்.

பத்து வயதில் ஒரு வாசல்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் தொடக்கம் நல்ல நோக்கமுடையது. இலவசக் கல்வியின் தந்தை எனப்படும் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் காலத்தில், 1940களில், கிராமத்து ஏழைப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்குக் கொண்டுசேர்க்கும் வழியாக அது உருவானது. விவசாயியின் பிள்ளை வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வந்ததற்கு அந்த வாசலும் ஒரு காரணம். இன்றும் வன்னியின் கண்டாவளையிலோ துணுக்காயிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு, உதவிப்பணமும் வசதியுள்ள பாடசாலையில் இடமும் சிறிய விடயங்கள் அல்ல. அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் வாசலின் அகலத்தையும் பார்க்க வேண்டும். 2024 இல் நாடு முழுவதும் 3 இலட்சத்து 19 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் 51 ஆயிரத்துச் சொச்சம், அதாவது ஏறக்குறைய 16 வீதம். மிச்சமுள்ள 84 வீதமான பிள்ளைகளில் பலர் பத்து வயதிலேயே ‘நான் காணாது’ என்ற எண்ணத்தோடு வீட்டுக்கு வருகிறார்கள். அந்த ஆண்டில் வினாக்கள் முன்கூட்டியே வெளியானதாக எழுந்த சர்ச்சை உச்ச நீதிமன்றம் வரை போனது. செப்டெம்பரில் எழுதிய பரீட்சையின் பெறுபேறு அடுத்த ஜனவரியில்தான் வந்தது. பெரியவர்களின் வழக்கு முடியும்வரை பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

இந்தப் பரீட்சைக்கான ஆயத்தம் பல வீடுகளில் தரம் 3 இலேயே தொடங்கிவிடுகிறது. பள்ளிக்கூடம் ஒன்றரை மணிக்கு விடும். பிறகு விசேட வகுப்பு. பின்னேரம் ரியூசன். இரவில் மாதிரி வினாத்தாள். சனி ஞாயிறில் கருத்தரங்கு. “அம்மா, கொஞ்ச நேரம் விளையாடிற்று வாறன்” என்று கேட்கும் பிள்ளைக்கு, “ஸ்கொலசிப் முடியட்டும், பிறகு ஆசைதீர விளையாடலாம்” என்பதுதான் பதில். பரீட்சைக்குச் சில நாள்களுக்கு முன்பிருந்து தனியார் வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் தடைசெய்ய வேண்டியிருக்கிறது. நெருக்குதல் எவ்வளவு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நெருக்குதல் மூளைக்கு என்ன செய்கிறது? பயமோ பதற்றமோ வந்ததும் சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் சுரப்பிகள் கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கின்றன. அளவோடு இருந்தால் அது உசார் தரும். அளவு மீறினால் முன்மூளைப் புறணியின் வேலை மங்கி, பழக்கமும் பயமும் ஆட்சிக்கு வருகின்றன. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆன்ஸ்டன் இந்த மாற்றத்தின் வேதியியலைப் பல ஆண்டுகள் விளக்கிவந்தவர். படித்ததெல்லாம் மண்டபத்தில் மறந்துபோனது என்று பிள்ளை அழுதால் அது சாட்டுச் சொல்லவில்லை. சேமித்ததை எடுத்துத் தரும் பகுதிதான் அந்நேரம் தளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் பிள்ளைகளின் உமிழ்நீரைச் சோதித்த ஆய்வொன்றில், பெரிய பரீட்சை நடக்கும் வாரத்தில் கோட்டிசோல் சராசரியாக 15 வீதம் உயர்ந்திருந்தது. யாருடைய அளவு மிகவும் ஏறியதோ, அல்லது மிகவும் இறங்கியதோ, அவர்களின் புள்ளிகள் அவர்களின் உண்மையான திறமைக்குக் கீழே போயிருந்தன.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். இலினோய் பல்கலைக்கழகத்தின் சாள்ஸ் ஹில்மன் குழுவினர் ஏழு முதல் ஒன்பது வயது வரையான 221 பிள்ளைகளை எடுத்து, ஒரு பாதியினரைப் பள்ளி முடிந்த பிறகு ஒன்பது மாதங்கள் ஓடியாடி விளையாட வைத்தார்கள். 2014 இல் வெளியான முடிவின்படி, விளையாடிய பிள்ளைகளின் கவனமும், மனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் திறனும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வளர்ந்திருந்தன. ‘பரீட்சை முடியட்டும், பிறகு விளையாடலாம்’ என்ற வரிசையே தலைகீழானது. விளையாடிய மூளைதான் பரீட்சைக்கு ஆயத்தமான மூளை.

அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது

விளையாட்டைப் பறிப்பது பரீட்சை மட்டுமல்ல, பெற்றோரின் பயமும்தான். நோர்வேயிலும் அமெரிக்காவிலும் பெற்றோரின் மிகையான பாதுகாப்பைப் பற்றி எழுதுகிறவர்கள், அங்கே பயம் நிலைமைக்கு மீறியது என்று சொல்லிவிட்டுப் போகலாம். வன்னியில் அப்படிச் சொல்லிவிட முடியாது. இன்று தரம் 5 இல் இருக்கும் பிள்ளைகள் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். அவர்களின் தாய்மாரில் பலர், போர் முடிந்த 2009 மே மாதத்தில் தாங்களே பள்ளிப் பிள்ளைகளாக இருந்தவர்கள். மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஒடுங்கிய மணல் திட்டில் பதுங்குகுழிக்குள் உயிரைக் காத்தவர்கள். பிறகு இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கம்பிவேலிக்குள் இருந்தவர்கள். அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் முகாம்களுக்குள்ளேயே பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினார்கள். முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். ஊர் திரும்பிய பிறகும் மண் ஆபத்தில்லாததாக இருக்கவில்லை. மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. ‘தெரியாத பொருளைத் தொடாதே, பற்றைக்குள் போகாதே’ என்பது இந்த மண்ணின் பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டது.

ஜேர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமஸ் எல்பேட் குழுவினர், இறுதிப் போருக்கு முன்னரே வடக்குக் கிழக்கில் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கெடுப்பு 2009 இல் வெளிவந்தது. அவர்களில் 92 வீதமானோர் குண்டுவீச்சு, எறிகணை, அன்புக்குரியவரின் சாவு போன்ற கடும் அனுபவங்களுக்கு உள்ளாகியிருந்தார்கள். நால்வரில் ஒருவருக்கு நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடுக் கோளாறு இருந்தது. அந்தப் பிள்ளைகளின் ஞாபகசக்தியும் பள்ளிப் புள்ளிகளும்கூடத் தாழ்ந்திருந்தன. அன்று அப்படி இருந்த பிள்ளைகளில் பலர் இன்று தாய்மார், தந்தையர். பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி 2010 இல் எழுதியபோது, இந்தக் காயம் தனி மனிதரோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே அதைச் சுமக்கின்றன என்று விளக்கினார்.

எனவே வீட்டுப் படலையைத் தாண்டும் பிள்ளையைப் பார்த்து ஒரு தாயின் நெஞ்சு பதறினால் அது அன்பும் அனுபவமும் சேர்ந்த பதற்றம். ஆனால் அந்தப் பதற்றம் பிள்ளைக்குள் எப்படிப் போகிறது என்பதை அறிந்துவைப்பது நல்லது. 1985 இல் ஜேம்ஸ் சோர்ஸ் குழுவினர் ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மேசையொன்றில் விட்டார்கள். மேசையின் ஒரு பாதிக்குக் கீழே பள்ளம் இருப்பதுபோல் தெரியும். குழந்தை விளிம்புக்கு வந்ததும் நின்று, எதிர்ப்புறம் நிற்கும் தாயின் முகத்தைப் பார்க்கும். தாய் மகிழ்ச்சி காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் தவழ்ந்து கடந்து போனார்கள். தாய் பயம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. பள்ளம் ஒன்றுதான், மேசை ஒன்றுதான். முகம் மட்டுமே வேறு. உலகம் எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பிள்ளைகள் எங்கள் முகத்தில் வாசிக்கிறார்கள்.

இன்னொரு பாடமும் இருக்கிறது. காயத்ரி பெர்னாண்டோவும் சகாக்களும் இலங்கை இளையோரிடம் செய்து 2010 இல் வெளியிட்ட ஆய்வில், போரும் ஆழிப்பேரலையும் விட்ட பாதிப்பைக் கணக்கெடுத்த பிறகும், வறுமை, வீட்டுச் சண்டை போன்ற அன்றாட நெருக்கடிகள் உளநலத்தைப் பெரிதும் பாதிப்பது தெரிந்தது. கடந்துபோன போரை நாங்கள் மாற்ற முடியாது. பிள்ளையின் இன்றைய நாளை மாற்றலாம். மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போர் நடந்துகொண்டிருந்தபோதே இதைச் செய்துகாட்டியது. போர் தொட்ட பிள்ளைகள் அங்கே களிமண் பிசைந்தார்கள், நாடகம் போட்டார்கள், கதை சொன்னார்கள். சண்டை ஓயட்டும், பிறகு விளையாடலாம் என்று அங்கே யாரும் காத்திருக்கவில்லை.

கிணறும் பாலைமரமும்

நோர்வே ஆய்வாளர் எலன் சான்ட்செட்டர், பிள்ளைகள் எங்கும் தேடிப்போகும் ‘துணிகர’ விளையாட்டுகளை ஆறாக வகுத்தார். உயரம் ஏறுதல், வேகமாகப் போதல், கத்தி போன்ற கருவிகளைக் கையாளுதல், நீர் நெருப்பின் அருகே விளையாடுதல், மல்லுக்கட்டுதல், பெரியவர் கண்ணுக்கு எட்டாத தூரம் போதல். 2011 இல் அவரும் லைவ் கெனெயரும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். சிறுபிள்ளைக்கு உயரம், தண்ணீர், தனிமை என்று இயல்பாகவே சில பயங்கள் இருக்கும். அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே தொட்டுப்பார்த்துத்தான் பிள்ளை அவற்றைக் கடக்கிறது. அந்த வாய்ப்பு இல்லாவிட்டால் பயம் வயதோடு போகாமல் உள்ளேயே தங்கிவிடலாம். உயரமே ஏறாத பிள்ளைக்கு உயரத்தில் எங்கே கால் வைப்பது என்று தெரியாது.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் விட்டுவிடுவதா? இல்லை. இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளையால் காண முடியாத, கணிக்க முடியாத ஆபத்து ஒன்று. பற்றைக்குள் கிடக்கும் வெடிபொருள், கட்டுக் கட்டாத கிணறு, மாரியில் நிரம்பி ஆழம் தெரியாமல் கிடக்கும் குளம், ஒட்டுசுட்டான் நெடுங்கேணிப் பக்கங்களில் யானை இறங்கும் காட்டுப்பாதை, ஏ9 வீதியில் பறக்கும் பஸ். இவற்றை அகற்றுவதும் தடுப்பதும் முழுக்கப் பெரியவரின் பொறுப்பு. இதில் துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. நீச்சலைப் பெரியவரின் துணையோடு பழக்க வேண்டும்.

மற்றது, பிள்ளை தன் கண்ணால் கண்டு, தன் உடலால் அளந்து, முடிவெடுக்கக்கூடிய சவால். கோடையில் பாலை பழுக்கிறது. முற்றத்துப் பாலைமரத்தில் ஒரு பையன் ஏறுகிறான் என்று வையுங்கள். முதல் கொப்பில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்க்கிறான். அது அசைகிறதா என்று கேட்கிறான், பார்க்கிறான். அடுத்த கொப்பு மெல்லியது, அதை விட்டு மறுபுறம் போகிறான். கைக்கெட்டிய பழத்தைப் பறித்துத் தின்கிறான், பால் உதட்டில் ஒட்டுகிறது. இன்னும் மேலே பழம் இருக்கிறது. அண்ணாந்து பார்த்துவிட்டு, போதும் என்று இறங்கிவிடுகிறான். அந்த ‘போதும்’ என்ற முடிவை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கீழே நின்று “விழப்போறாய், விழப்போறாய்” என்று கத்தினால் அவன் கவனம் கொப்பிலிருந்து எங்கள் குரலுக்குப் போகும். அப்போதுதான் விழும் வாய்ப்புக் கூடும். “எந்தக் கொப்பில கால் வைக்கப்போறாய்?” என்று கேட்டால் அவனுடைய கவனம் கொப்பிலேயே நிற்கும்.

இது தவிர, வெளியில் நிற்பதற்கே ஒரு பலன் உண்டு. சீனாவின் குவாங்சோவில் 12 ஆரம்பப் பாடசாலைகளில் நடந்து 2015 இல் வெளியான ஆய்வில், ஒரு பகுதிப் பிள்ளைகளைப் பள்ளி நாளில் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 வீதமானோருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றப் பாடசாலைகளில் அது 39.5 வீதம். பகல் வெளிச்சம் விழித்திரையில் டொபமினைக் கூட்டி, கண்விழி அளவுக்கு மீறி நீளாமல் தடுக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெயிலுக்குக் குறைவில்லாத கிளிநொச்சியில், மின்குமிழின் கீழ் வினாத்தாள் செய்து பிள்ளை கண்ணாடி போடுவது வருந்தத்தக்கது.

நாங்கள் செய்யக்கூடியவை

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட ஓட்ட ஆட்டத்தைப் பரிந்துரைக்கிறது. 6 முதல் 12 வயது வரையானவர்களுக்கு 9 முதல் 12 மணி நேரம் உறக்கம் வேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவர்களின் கணிப்பு. பகலில் கற்றதை மூளை நினைவாகப் பதிவதில் உறக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இரவு பதினொன்று வரை வினாத்தாள் செய்துவிட்டு விடிய நாலு மணிக்கு எழுப்பப்படும் பிள்ளை, அன்று படித்ததிலேயே ஒரு பகுதியை இழக்கக்கூடும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தரம் 5 என்றாலும் பின்னேரம் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைக்கே விடுங்கள். அந்த நேரத்துக்குள் பாட்டு வகுப்பையோ நடன வகுப்பையோ செருகாதீர்கள். அயலில் நாலு வீட்டுத் தாய்மார் பேசி, ஒருவர் மாறி ஒருவர் திண்ணையில் இருந்து கண்வைத்துக்கொண்டால் எல்லோருடைய பயமும் பாதியாகும். பெறுபேறு வந்த அன்று முதலில் புள்ளியைக் கேட்காதீர்கள்.

அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று. இடைவேளையைப் பாடத்துக்கு எடுக்காதீர்கள். வெட்டுப்புள்ளி தாண்டியவர்களின் படத்தை மட்டும் பதாகையில் அடித்து வாசலில் கட்டும்போது, அதே வகுப்பின் மற்றப் பிள்ளைகள் தினமும் அதன் கீழேதான் உள்ளே வருகிறார்கள் என்பதை நினையுங்கள். பரீட்சையை மாற்றுவது பற்றி அரசு மட்டத்தில் பேச்சு நடக்கிறது. அது முடியும்வரை இப்போது பத்து வயதாக இருக்கும் பிள்ளை பத்து வயதிலேயே நிற்காது.

விளையாட்டு, பிள்ளைக்கு நாங்கள் கொடுக்கும் சலுகை இல்லை. ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31 ஆவது உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் ஒவ்வொரு பிள்ளையின் உரிமையாக வைக்கிறது. இலங்கை 1991 இல் அதை ஏற்றது. இந்த மண்ணில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் விளையாட்டைப் போர் எடுத்துக்கொண்டது. அதைத் தடுக்க எங்களால் முடியவில்லை. அடுத்த தலைமுறையின் விளையாட்டைப் பயமும் பரீட்சையும் எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்க எங்களால் முடியும். இன்று பின்னேரமே தொடங்குங்கள்.